மின்னிதழ் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு: ஒரு கணக்குப்பிள்ளையின் அறிவுரைகள்

புதுச்சேரியில் ஐந்தாறு பேர் சேர்ந்து தமிழில் நிரலாக்க மின்னிதழ் ஒன்று தொடங்கப் போகிறீர்கள். எழுத ஆள் இருக்கிறது, பெயர்கூட முடிவாகிவிட்டது, பணத்துக்கு மட்டும் வழி சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எனக்குப் பைத்தானும் வராது, ஜாவாவும் வராது. சிற்றிதழ்களுக்கும் சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்கும் வரவு செலவு எழுதியே தலை நரைத்தவன் நான். இதழ்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைவிட எப்படிச் சாகின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பணமே இல்லாமல் செத்தவை குறைவு. ஒரே ஆளின் பணத்தில் ஓடி, அந்த ஆள் களைத்த அன்று செத்தவைதான் அதிகம். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. கேட்கும் முன் செலவை எழுதுங்கள்.

ஒரு தாளை எடுத்து, ஓராண்டுக்கு உண்மையில் எதற்கெல்லாம் காசு போகும் என்று எழுதிப் பாருங்கள். இணையப் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. நிலையான பக்கங்களாக இதழை வைத்தால் கிட்ஹப், கிட்லேப் போன்றவை இலவசமாகவே இடம் தருகின்றன. எழுத்துரு இலவசம், எழுதும் மென்பொருள் இலவசம். அச்சுக் காகிதம், தபால், ஏஜென்ட் கமிஷன் என்று பழைய சிற்றிதழ்க்காரரின் கழுத்தைப் பிடித்தவை எதுவும் உங்களுக்கு இல்லை. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை ‘எழுத்து’ நடத்தியபோது கைப்பணத்தைக் கொட்டினார், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். உங்களுக்கு அந்தச் சுமை கிடையாது. பிறகு எதற்காக அவரைப் போலவே கடன்பட ஆசைப்படுகிறீர்கள்?

தொடங்கும்போதே பெரிய வழங்கி, தனிச் செயலி, சட்டையில் அச்சிட்ட சின்னம் என்று பட்டியல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் பன்னிரண்டு இதழ் வரும்வரை இவற்றில் ஒன்றுகூட வேண்டாம்.

2. எழுதுகிறவருக்கா, இழுத்துப் போட்டுச் செய்கிறவருக்கா?

பணம் கொஞ்சம் சேர்ந்ததும் எழும் முதல் கேள்வி, கட்டுரைக்குச் சன்மானம் தரலாமா என்பது. என் பதில் பலருக்குப் பிடிக்காது. தராதீர்கள். முழுச் சன்மானம் தர முடிந்தால் அது வேறு. கட்டுரைக்கு இருநூறு, முந்நூறு என்று கொடுத்தால் அது எழுத்தாளருக்கும் உதவாது, இதழுக்கும் உதவாது. இதுவரை ஆசைக்கு எழுதியவர், இனி ‘என் உழைப்பின் விலை இவ்வளவுதானா’ என்று யோசிக்கத் தொடங்குவார். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காத மாதம் வந்தால் சண்டை வரும்.

யாரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலைக்குத்தான் பணம் தர வேண்டும். மெய்ப்புப் பார்ப்பது, நிரல் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிச் சரிபார்ப்பது, படங்களை அளவுக்கு வெட்டுவது, பழைய கட்டுரைகளில் செத்துப்போன இணைப்புகளை மாற்றுவது. கட்டுரை எழுதியவருக்குப் பெயர் கிடைக்கும், வேலைக்குப் போனால் அதைக் காட்டலாம். மெய்ப்புப் பார்த்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? மூன்று இதழ் பார்ப்பாள், நான்காவதில் தேர்வு என்பாள், ஐந்தாவதில் ஆளே இருக்க மாட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. லாஸ்பேட்டையிலோ காலாப்பட்டிலோ படிக்கும் ஒரு மாணவருக்கு மாதம் ஒரு சிறு தொகை பேசி, கையெழுத்து வாங்கி, வவுச்சர் போட்டு இந்த வேலையைக் கொடுங்கள். நிரலை ஓட்டிப் பார்க்காமல் வெளியிடும் நிரலாக்க இதழை யாரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள். ஆக, முதல் சம்பளம் அங்கேதான் போக வேண்டும்.

3. ஒரே வாசலை நம்பாதீர்கள்.

இதை விரிவாகச் சொல்கிறேன். இந்த ஊருக்கே இது தெரிந்த கதை.

1908இல் பாரதி இங்கே வந்த பிறகு ‘இந்தியா’ வார இதழ் புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அச்சு இங்கே, ஆசிரியர் இங்கே, பிரெஞ்சு ஆட்சி என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாது. வாசகர்களோ பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கம். சந்தாப் பணமும் அங்கிருந்துதான் வர வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். 1910இல் இதழ் நின்றது. எழுத்து வற்றவில்லை, வாசகருக்கும் ஆர்வம் குறையவில்லை. காசு வருகிற ஒரே வாசல் இன்னொருவன் கையில் இருந்தது, அவன் சாத்தினான்.

இன்றைக்கும் வாசல்கள் அப்படித்தான். பேபால் வழியாக நன்கொடை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பரிமாற்றத்தை அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில், அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகைக்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. பேட்ரியான் போன்ற தளங்களில் மாத ஆதரவு தந்துகொண்டிருந்த இந்திய வாசகர் பலரின் பணம் சத்தமில்லாமல் நின்றது. நின்றது அவர்களுக்கே தெரியாது. யாரும் மனம் மாறவில்லை, வங்கி மாறியது.

ஒரே வள்ளலை நம்புவதும் இதே கதைதான். அமெரிக்காவில் 1994 முதல் வந்த ‘லினக்ஸ் ஜர்னல்’ 2017 டிசம்பரில் மூடுகிறோம் என்று அறிவித்தது. ஒரு நிறுவனம் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. 2019 ஆகஸ்டில் அந்தக் கை விலகியதும் மறுபடி மூடினார்கள், ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். நல்ல மனம் படைத்த ஒருவர் ‘மொத்தச் செலவும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வந்தால், நன்றி சொல்லி, ஆண்டுச் செலவில் கால் பங்குக்கு மேல் அவரிடம் வாங்காதீர்கள். மீதியை நூறு பேரிடம் வாங்குங்கள். அவருக்கும் அது நல்லது.

4. நூறு பேர், ஐம்பது ரூபாய்.

நூறு பேர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். தன்னார்வத்தில் நடக்கும் தமிழ் மின்னிதழுக்கு இது தாராளம். மெய்ப்புக்கு, ஆடிட்டருக்கு, இணையப் பெயருக்கு எல்லாம் போக மிஞ்சும். யுபிஐயில் வாங்கினால் கமிஷன் கிடையாது. யுபிஐ ஆட்டோபே 2020 முதல் இருக்கிறது. ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் மாதாமாதம் தானே வரும், நிறுத்த நினைத்தால் அவர் கைபேசியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தும் வழியை நீங்களே தெளிவாக எழுதி வையுங்கள். சுலபமாக வெளியேறலாம் என்று தெரிந்தால்தான் மனிதர் உள்ளே வருவார்.

கேட்பதிலும் அளவு வேண்டும். பாரதி 1920இல் தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதியாகக் கொண்டுவரத் திட்டம் போட்டு, தொடக்கச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும் என்று நண்பர்களிடம் கடனாகக் கேட்டு எழுதினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். பாரதியிடமே குற்றம் கண்டுபிடிக்கிறாயா என்று கோபப்படாதீர்கள். நாற்பதுக்கும் சேர்த்துக் கேட்காமல் ஒரு புத்தகத்துக்குக் கேட்டிருந்தால் ஒன்றாவது வந்திருக்குமே என்ற ஆதங்கம்தான் எனக்கு. ‘தமிழில் நிரலாக்கத்தை வளர்க்க நிதி தாரீர்’ என்றால் எவருக்கும் கை நீளாது. ‘கிட் பற்றிய ஆறு கட்டுரைகளுக்கு மெய்ப்புப் பார்க்க 3,000 ரூபாய் வேண்டும், 1,200 வந்திருக்கிறது’ என்று எழுதிப் பாருங்கள். மீதி 1,800 வாரத்துக்குள் வரும்.

கனமான விஷயத்துக்குச் சந்தா கிடைக்காது என்றும் நினைக்காதீர்கள். இதே ஊரிலிருந்து 1914 ஆகஸ்ட் 15இல் தொடங்கி 1921 ஜனவரி வரை அரவிந்தரின் ‘ஆர்யா’ வந்தது. தத்துவ மாத இதழ், அதுவும் ஆங்கிலத்தில். தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. அதைவிடவா உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கடினம்?

5. சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டாதீர்கள்.

எல்லா இளைஞர்களும் முதலில் செய்வது இதைத்தான். ஆசிரியரின் சேமிப்புக் கணக்கு கியூஆரை இதழின் அடியில் போட்டுவிடுவார்கள். அவர் வீட்டு வாடகையும் பால் காசும் வாசகர் கொடுத்த நன்கொடையும் ஒரே பாஸ்புக்கில் கலந்து கிடக்கும். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் இலவசமாக வரும் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அந்தத் தனிமனிதரின் வருமானமாகிவிடும், வரி கட்ட வேண்டும். வருமான வரியைக்கூடக் கட்டிவிடலாம். ‘அவன் அந்தக் காசில் பைக் வாங்கினானாம்’ என்ற பேச்சு வந்தால் அதற்கு ரசீது கிடையாது.

முதல் ஆண்டில் வெளியே கேட்கவே வேண்டாம். நீங்கள் ஐந்தாறு பேரும் மாதம் இருநூறு போடுங்கள், இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு வையுங்கள். ஓராண்டு இதழ் நின்று நடந்தால் அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்யுங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம், நல்ல ஆளாகப் பார்த்து எழுதுங்கள். அறங்காவலர் எல்லோரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. காசோலைக்கு இருவர் கையெழுத்து. வருமான வரி விலக்குக்கு விண்ணப்பித்தால் முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். அதன் பின் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதம் நோக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டும் என்ற கணக்கு வரும். வருடக் கடைசியில் பணத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவது ஒரு சுகமான தொல்லை, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

6. அடுத்த தெருப் பணமும் வெளிநாட்டுப் பணமாக இருக்கலாம்.

இந்த அறிவுரை புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் மட்டும். சென்னைப் புத்தகங்களில் இதை யாரும் எழுதவில்லை.

பிரெஞ்சு இந்தியப் பகுதிகளின் ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்படி எழுதிக்கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர் வீடு, என்று நாம் கைகாட்டும் வீடுகளில் பல அப்படிப்பட்டவை. பிறந்தது இங்கே, பேசுவது தமிழ், மீன் வாங்குவது கூபேர் மார்க்கெட்டில். கையில் இருக்கும் பாஸ்போர்ட் மட்டும் பிரான்சுடையது.

அப்படி ஒரு பெரியவர் உங்கள் இதழைப் பார்த்து மனம் குளிர்ந்து ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறார் என்று வையுங்கள். இந்திய ரூபாய், இந்திய வங்கிக் கணக்கு, மிஷன் வீதிக் கிளை. ‘இதிலென்ன வெளிநாடு?’ என்று கேட்பீர்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் பணம் எந்த நாட்டு நோட்டு என்று பார்ப்பதில்லை, கொடுத்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று பார்க்கிறது. வெளிநாட்டுக் குடிமகன் தரும் நன்கொடை ரூபாயில் இருந்தாலும் வெளிநாட்டு நிதிதான். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை நீங்கள் வாங்கக் கூடாது. தெரியாமல் வாங்கினேன் என்பது பதிலாகாது.

பதிவு வாங்கிவிடலாமே என்றால், அமைப்பு தொடங்கி 3 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். இதழ் நடத்தும் அமைப்பு என்றால் நீங்கள் வெளியிடுவது செய்தியா இல்லையா என்ற கேள்வி தனியாக எழும். மாதம் ஐயாயிரம் செலவாகும் இதழுக்கு இந்த அலைச்சல் தேவையே இல்லை.

ஆகவே நன்கொடைப் பக்கத்தில் முதல் வரியாக ‘நன்கொடை இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டும்’ என்று போடுங்கள். பெயரும் முகவரியும் கேட்டு வாங்குங்கள், குடியுரிமையை அவரே உறுதிசெய்ய ஒரு கட்டம் வையுங்கள். ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான், குழம்பாதீர்கள். இதற்கு நேர்மாறாக, பாரீசிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அவரிடம் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பாரீஸ் பையனின் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரரிடம் வாங்கி வைத்திருப்பார்கள்.

அந்தப் பெரியவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். அவருடைய உழைப்பைக் கேளுங்கள். பிரெஞ்சில் வந்திருக்கும் நல்ல கணினிக் கட்டுரைகளை மொழிபெயர்க்க இந்த ஊரைவிட்டால் தமிழுக்கு வேறு ஊர் ஏது? ஆண்டு மலர் ஒன்றை அச்சிட்டு விலைக்கு விற்றால் அதை அவர் வாங்கலாம். பொருளுக்குக் கொடுக்கும் விலை நன்கொடை அல்ல. ஆனால் விற்பனை அதிகமானால் அறக்கட்டளைக்கு வேறு விதி உண்டு, அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

7. 80ஜி மேல் மோகம் வேண்டாம்.

கொடுப்பவருக்கு 80ஜி என்ற வரிச்சலுகை இருந்தால்தான் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உங்களுக்குக் கொடுக்கப் போகிறவர் யார்? சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலைக்குப் போன இளைஞர். அவர்களில் பெரும்பாலோர் புதிய வரி முறைக்கு மாறிவிட்டார்கள். அதில் இந்தச் சலுகையே கிடையாது. ஐம்பது ரூபாய் கொடுப்பவர் வரி பார்த்தும் கொடுப்பதில்லை. பெரிய தொகை கொடுக்கும் பழைய தலைமுறை நாலு பேர் சேர்ந்த பிறகு வாங்கினால் போதும். வாங்கிவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் கொடுத்தவர் பட்டியலை மே 31க்குள் துறைக்குத் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும்.

8. விளம்பரம்.

கூகுள் 2018இல் தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் தரத் தொடங்கியது. வரும் காசு தேநீருக்குக் காணாது. நிரல் எழுதுகிறவன் உலாவியில் முதலில் போடுவதே விளம்பரத் தடுப்பான்தான். அமெரிக்காவின் ‘டாக்டர் டாப்ஸ்’ 1976 முதல் வந்த பெரிய நிரலாக்க இதழ். 2014இல் அது மூடப்பட்டபோது வாசகர் வரவு முன்னெப்போதையும்விட அதிகமாகத்தான் இருந்தது, விளம்பர வருமானம்தான் படுத்துவிட்டது. கூட்டம் வந்தால் காசு வரும் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது.

நேரு வீதிக் கடைகள் சிற்றிதழ்களுக்குத் தீபாவளி வாழ்த்து விளம்பரம் கொடுத்த காலம் உண்டு. ‘அன்பளிப்பு’ என்று இரண்டு வரி. கடைக்காரர் அந்த இதழைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். அதுதான் சிறந்த விளம்பரதாரர், எதையும் கேட்க மாட்டார். இன்று உங்களைத் தேடி வரப்போவது பயிற்சி நிலையங்கள். ‘மூன்றே மாதத்தில் வேலை’ என்று சொல்கிறவர்கள். முதல் மாதம் சின்னம் போடச் சொல்வார்கள், இரண்டாம் மாதம் அவர்கள் பாடத்திட்டத்தைப் பாராட்டிக் கட்டுரை கேட்பார்கள். உங்கள் வாசகன் பொறியியல் கல்லூரி மாணவன், அப்பாவின் கடன் பணத்தோடு நிற்கிறவன். அவனைப் பிடித்துக் கொடுத்து வரும் காசு வேண்டாம்.

9. பூட்டி வைத்து விற்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்தத் துறையில் முன்மாதிரி ‘கணியம்’. 2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றிய இதழ், கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். யாரும் படிக்கலாம், பகிரலாம், திருத்தலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். அதில் தொடராக வந்த து. நித்யாவின் மைஎஸ்க்யூஎல் பாடம் ‘எளிய தமிழில்’ வரிசையில் மின்னூலானது. அந்த வரிசையைப் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீங்களும் அந்த உரிமத்தில் போடுவதானால் சந்தா கட்டியவருக்கு மட்டும் என்று பூட்ட முடியாது. பூட்டினாலும் ஒருவர் வாங்கி ஊருக்கே கொடுக்க உரிமை இருக்கிறது. பூட்டுக்கும் திறப்புக்கும் நடுவில் ஒரு வழியை அமெரிக்காவின் ‘எல்டபிள்யூஎன்’ கண்டது. 1998இல் தொடங்கிய லினக்ஸ் வார இதழ். 2002இல் மூடப் போகிறோம் என்றார்கள், வாசகர்கள் பணம் அனுப்பிக் குவித்தார்கள். அதைப் பார்த்துச் சந்தா முறைக்கு மாறினார்கள். சந்தாதாரர் முதலில் படிப்பார், சில நாளில் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். இன்றும் நடக்கிறது. ஆனால் அவர்களிடம் சம்பளத்துக்கு எழுதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், லினக்ஸ் கருவை மாற்றுகிறவர்களே வாசகர்கள். பொறியியல் முதலாமாண்டுப் பிள்ளைக்கு எழுதும் நீங்கள் ஒரு நாள்கூடப் பூட்டக் கூடாது என்பேன்.

பூட்டக் கூடாது என்றால் மானியம் வாங்கலாமா என்று கேட்பீர்கள். ஜெரோதா நிறுவனம் 2024இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று ஒரு நிதி அறிவித்தது, ஆனால் அது கட்டற்ற மென்பொருளுக்கு, இதழுக்கு அல்ல. மானியம் வந்தால் சரிபார்க்கும் கருவி, சொல் திருத்தி என்று ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவை மானியத்தில் ஓட்டினால், அது தீரும் மாதம் இதழும் தீரும்.

10. கணக்கைக் கடைசி ரூபாய்வரை வெளியிடுங்கள்.

கணியம் பின்னாளில் அறக்கட்டளையானது. அவர்கள் வெளியிடும் மின்னூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், அறக்கட்டளையின் நோக்கமும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கும். வந்த நன்கொடையையும் செய்த செலவையும் இணையத்தில் போடுகிறார்கள். இலங்கையில் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனமும் புலம்பெயர்ந்தோர் காசிலும் தன்னார்வலர் உழைப்பிலும் வளர்ந்ததுதான். கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாதவர் பணம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அறிக்கைதான் முகம்.

கணக்கு என்றால் வட்ட விளக்கப்படம் போடுவதல்ல. உதாரணத்துக்கு இப்படி: ‘முன்மாத இருப்பு 8,420. மாத ஆதரவாளர் 43 பேர் தந்தது 2,150. ஒருமுறை நன்கொடை இருவர் 700. மெய்ப்பு 2,000, வவுச்சர் எண் 7. மின்னஞ்சல் சேவை 400. இம்மாத இருப்பு 8,870.’ ஆறு வரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூட்டிப் பார்த்தாலும் சரியாக வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, இதழ் தாமதமானாலும் கணக்கு தாமதமாகக் கூடாது. நன்கொடையே வராத மாதம் பூஜ்யம் என்று போடுங்கள். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துத்தான் அடுத்த மாதம் நாலு பேர் அனுப்புவார்கள்.

கொடுத்தவர் பெயரைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். பிடிக்காதவருக்கு முதலெழுத்து மட்டும் போதும். உங்கள் பதிவேட்டில் மட்டும் முழுப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். யுபிஐயில் பெயர் வரும், முகவரி வராது. யார் கொடுத்தது என்று பதிவில்லாத பணம் ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளைக்கு 30 சதவீதம் வரி.

11. கூட்டாளிகள்.

புதுச்சேரியில் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்ட் இருக்கிறது, விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இடம், புரொஜெக்டர், ஆள் எல்லாம் அவர்களிடம் உண்டு. தனியாக வாடகைக்கு மண்டபம் பிடித்து விழா எடுப்பதைவிட, அவர்கள் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். செலவு மிச்சம், எழுதும் ஆளும் அங்கேதான் கிடைப்பான்.

12. மூடுவதற்கும் காசு ஒதுக்குங்கள்.

இதைக் கேட்க யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தன்னார்வ இதழ்கள் நிற்கும். கல்யாணம், வேலை மாற்றம், சலிப்பு, எது வேண்டுமானாலும் காரணமாகும். நிற்பதில் வெட்கம் இல்லை. நின்ற பிறகு இணையப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டு, அதை எவனோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதில்தான் வெட்கம். எத்தனையோ நல்ல தமிழ்த் தளங்கள் இப்படித்தான் போயின.

ஐந்து ஆண்டுக்கான இணையப் பெயர்க் கட்டணத்தைத் தனியே வைப்பு நிதியில் போடுங்கள், சுமார் ஏழாயிரம் ரூபாய். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைத் தொடாதீர்கள். கடவுச்சொற்கள் மூவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு இதழின் முழு நகலும் இணைய ஆவணகத்தில் ஏற்றப்பட்டிருக்கட்டும். அறக்கட்டளைப் பத்திரத்தில் கலைப்பு விதி ஒன்று இருக்கும். மிச்சப் பணம் இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதுங்கள். உங்களில் யாரும் அதைப் பிரித்துக்கொள்ள முடியாது என்பது முதல் நாளே தெரிந்தால் பாதிச் சண்டை வராது.

வெளியாரிடம் வாங்கத் தொடங்கும் மாதம் என் ஐம்பது ரூபாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதக் கணக்கை வெளியிடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். வவுச்சர்களையும் சேர்த்து அனுப்புங்கள்.